முதுகு காட்டும் கூட்டம்

அந்த நாற்காலி வேணாம்மா, ஒரு கால் ஆடும். இந்தக் கட்டு மேல உக்காரு. பரவால்ல, பழைய நோட்டீஸ்தான். நான் எழுதுனதுதான். யாரும் படிக்கல, நீ உக்காந்தாலாவது அதுக்கு ஒரு பிரயோஜனம்.

சாரு கீருன்னு கூப்பிடாதே. ஆயுசு முழுக்க சாருங்களை எதிர்த்தே கத்திட்டு, கடைசியில நானே சாரா? தோழர்னு கூப்பிடு. வாய் வரலையா? சரி, பெரியப்பான்னு கூப்பிடு. அதுல ஒண்ணும் கௌரவம் கொறஞ்சு போகாது.

கேட்டுதும்மா. வாசப்படியில நின்னே சொல்லிட்டியே. நாளைக்கு நீ மேடை ஏறுனதும் மொத்தக் கூட்டமும் திரும்பி உனக்கு முதுகைக் காட்டப் போகுது. நான் ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்க. அதானே? யாரு அனுப்புனது, குச்சியா? அவனேதான். வயசாயிடுச்சு, இன்னும் தாளம் தப்பல, புத்திதான் தப்பும். அவன் வர வேண்டியதுதானே? படியேற முடியலையாமா? நான் தெனம் ஏறி எறங்குறேனே, எனக்கு என்ன லிஃப்டா வெச்சிருக்கு.

டீ போடட்டுமா? பால் இல்ல. சர்க்கரையும் நான் விட்டுட்டேன். வேணாமா? நல்லதாப் போச்சு.

கதவடைப்புன்னு நீ பாடப் போற பாட்டுக் குழுவுக்கு ஏன் பேரு வந்துச்சுன்னு சொன்னாங்களா உனக்கு? என்னது? மனசோட கதவா? அந்தப் பாட்டுக் கம்பெனிக்காரன் புஸ்தகத்துல அப்படியா போட்டிருக்கான்? அட கொடுமையே. ஃபிரிட்ஜ் கம்பெனியோட கதவும்மா. காலையில வேலைக்குப் போனோம், கேட்டுல பூட்டு. எங்க சாப்பாட்டு டப்பா, செருப்பு, ஒருத்தனோட மூக்குக் கண்ணாடி, எல்லாம் உள்ள மாட்டிக்கிச்சு. மனசாம், கதவாம்.

நான் அப்ப சங்கத்துல செயலாளர். கேட்டுக்கு முன்னாடி தெனமும் கூடுவோம். நான் பேசுவேன். நல்லாத்தான் பேசுவேன், சிரிக்காதே. உலகத்துல எங்கெங்க வேலைநிறுத்தம் நடந்துச்சு, யாரு ஜெயிச்சா, எதனால ஜெயிச்சா, எல்லாம் சின்னச் சின்னப் பிரசுரமா வாங்கிப் படிச்சு வெச்சிருந்தேன். நான் ஆரம்பிச்சா ஜனங்க ஒவ்வொருத்தரா ஒண்ணுக்குப் போறேன்னு நழுவுவாங்க. பெயிண்ட் அடிக்கிற பக்கத்துல இருந்த பய ஒருத்தன், அதான் உன்னோட குச்சி, கழிச்சுப் போட்ட ஃபிரிட்ஜ் தகடு ரெண்டைக் கவுத்துப் போட்டுத் தட்டுவான். நழுவுனவன் எல்லாம் ஓடி வருவான். எனக்கு அன்னைக்கே எரிச்சல்தான்.

அப்புறம் வெல்டர் எங்கேயோ ஒரு கிடார் புடிச்சுட்டு வந்தான். எதிர்ல இருந்த சலூன்காரர் கரெண்டு குடுத்தாரு. பொட்டி கட்டுற பக்கத்துல ஒருத்தன் இருந்தான், கூப்பிட்டா மூணு ஷெட்டு தாண்டிக் கேக்கும், அவன்தான் தொண்டை. பொறந்துச்சு குழு. அவ்வளவுதாம்மா வரலாறு. மத்ததெல்லாம் அட்டைப்படத்துல எழுதுறது.

ஆமா, அந்தப் பாட்டு. இன்னைக்கும் வந்தோம். அது பாட்டே இல்ல. கேட்டு தொறக்காத ஒவ்வொரு நாளும் நான் கரும்பலகையில எழுதுவேன், இன்னைக்கும் வந்தோம்னு. வந்துட்டோம், நீதான் தொறக்கலேன்னு கணக்கு காட்டணுமில்ல, நாளைக்குக் கோர்ட்டுல வேலைக்கே வரலேன்னு சொல்லிடுவான். தொண்டை அதைப் பாத்துட்டுக் கத்துனான், வெல்டர் கம்பியை இழுத்தான், பாட்டாயிடுச்சு. இப்ப அந்த இசைத்தட்டுல பாடல் ஆக்கம்னு இருக்கிற எடத்துல என்ன போட்டிருக்கு தெரியுமா? மரபுன்னு போட்டிருக்கு. உசுரோட இருக்கிறவனையே மரபாக்கிட்டானுங்க. அதுக்காக நான் சண்டைக்குப் போகல. சும்மா சொன்னேன். கேட்டியேன்னு சொன்னேன்.

கேட்டு தொறக்கவே இல்லம்மா. எடத்தை வித்துட்டான். இப்ப அங்க அடுக்குமாடி நிக்குது, கீழ பல்லு டாக்டர் போர்டு. சங்கம் கலைஞ்சு போச்சு. ஒருத்தன் ஓட்டுநரானான், ஒருத்தன் ஊரை விட்டே போனான். மிஞ்சுனது அந்த மூணு பேரும் பாட்டும்தான். பாட்டுப் பின்னாடி கூட்டம் வந்துச்சு. எங்களுக்கு வராத கூட்டம். சின்னப் பசங்க, படிக்கிற பொண்ணுங்க, ஆஸ்பத்திரி நர்சுங்க, ஒரு ஆளு காது கேக்காதவரு, தரையில வெறுங்காலோட நின்னு அதிர்வுல கேப்பாரு. சரி, இந்தக் கூட்டத்தையாவது கூட்டமா வெச்சுக்கலாம், என்னைக்காவது உதவும்னு நெனச்சேன். ரசிகர் மன்றத்தை ஆரம்பிச்சவன் நான்தான். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு நோட்டீஸ் அடிச்சு வாசல்ல நின்னு குடுப்பேன். கதவடைப்புன்னா என்ன, சங்கம்னா என்ன. அதை மடிச்சு ராக்கெட் விடுவானுங்க. ஒண்ணு வெல்டர் மண்டையிலயே வந்து குத்துச்சு. அவன் பிரிச்சுப் படிச்சுட்டு, எழுத்துப் பிழை இருக்குன்னான்.

சட்டை? ஆமா, நீயும் அதையேதான் போட்டுட்டு வந்திருக்கே. உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி. எதுக்குன்னு தெரியுமா? அதுவும் மனசுன்னு சொல்லிடாதே. கம்பெனி சட்டையில பாக்கெட்டு மேல கம்பெனி பேரு தச்சிருக்கும். அந்தப் பேரோட கூட்டத்துல நின்னா வழக்குப் போடுவேன்னான். மாத்துச் சட்டைக்கு எவன்கிட்ட வசதி? திருப்பிப் போட்டுக்கிட்டோம். பாட்டு கேக்க வந்த பசங்களும் திருப்பிப் போட்டானுங்க. இப்ப பாரு, தைக்கும்போதே தையலை வெளிய வெச்சுத் தைச்சு விக்கிறான். எப்படித் துவைக்கணும்ங்கிற சீட்டு உன் கழுத்துக்குப் பின்னாடி தொங்குது. கிழிச்சுடாதே, இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு உனக்கு.

வர்றேம்மா, அதுக்குத்தான் வர்றேன். முதுகு காட்டுறது.

அதுவும் கேட்டுல பொறந்ததுதான். முதலாளி கார் வெளிய வரும். பசங்க கல்லைத் தேடுவானுங்க. கல்லு விழுந்தா போலீஸ் தூக்கும், அதோட போராட்டம் முடிஞ்சுது. நான் நோட்டீஸ்ல எழுதுனேன்: கத்தாதே, எறியாதே, திரும்பி நில்லுன்னு. அத்தனை பேரும் திரும்பி நின்னோம். சத்தமே இல்ல. முதுகுக்கு எந்தச் சட்டத்துல வழக்குப் போடுவான்? அந்தாளு காருல கண்ணாடியை எறக்கிப் பாத்தாரு, திரும்ப ஏத்திக்கிட்டாரு. அதுக்கப்புறம் பின்பக்க வழியாத்தான் போவாரு. நாங்க ஜெயிச்சது அது ஒண்ணுதான்.

வெல்டர் செத்தான். நெஞ்சு. வேலையில புகையைக் குடிச்சது போதாதுன்னு பீடி வேற. கிடாருக்கு ஒரு பையனைக் கூட்டிட்டு வந்தாங்க, கூலிக்கு வாசிக்கிறவன், கல்யாண வீடு, கடை தொறப்பு, எங்க கூப்பிட்டாலும் போறவன். நல்ல கை. அவன் முதல் கம்பியைத் தொட்டான், கூட்டம் திரும்பிடுச்சு. யாரும் சொல்லல, அதுவா திரும்புச்சு. நான் எங்க இருந்தேனா? வாசல்ல டிக்கெட்டு கிழிச்சுட்டிருந்தேன். பாட்டு பாதியில நின்னது மட்டும் எனக்குக் கேட்டுச்சு. உள்ள வந்து பாத்தா அவன் கிடாரைக் கழட்டி, பூனைக்குட்டியை எறக்கி விடுற மாதிரி மெதுவாத் தரையில வெச்சுட்டு எறங்கிப் போறான். அப்புறம் எங்கேயும் வாசிக்கலேன்னு கேள்வி. அன்னைல இருந்து அது மன்றத்து வழக்கமாயிடுச்சு. புது ஆளு வந்தா முதல் பாட்டுக்கு முதுகு. தாங்குனவன் இருப்பான், தாங்காதவன் போவான். அதுல பெருமை வேற. எந்த ரசிகனுக்கு இப்படி ஒரு கட்டுப்பாடு இருக்கு பாருன்னு நெஞ்சை நிமித்துவானுங்க.

அப்புறம் தொண்டையும் போனான், அவன் எடத்துக்குத்தான் இப்ப நீ. அதோட ஒரேயடியா கட்சி. தொண்டை போனதோட குழு முடிஞ்சுதுங்கிறவன் ஒரு கட்சி. பேரு இருக்கிற வரைக்கும் குழு இருக்குங்கிறவன் ஒரு கட்சி. குச்சி தகட்டுல தட்டுன காலம்தான் நிஜம், டிரம்ஸ் வாங்குனதே துரோகம்ங்கிறவன் ஒருத்தன் இருக்கான், அவன் தனி ஆளு, அவனே தலைவர், அவனே தொண்டன். எங்க சங்கம் மொத்தமே ரெண்டு தடவைதாம்மா ஒடஞ்சுது. இவனுங்க மழை பேஞ்சாக்கூட ஒடைவானுங்க.

ஆனா உன் விஷயத்துல எல்லாக் கட்சியும் ஒண்ணாயிடுச்சு. சந்தோஷப்பட்டுக்கோ.

என்ன பேரு வெச்சிருக்கானுங்க தெரியுமில்ல? தெரியுமா. அடுத்த நிறுத்தம்னு. பஸ்ஸுல நீ பேசி வெச்சிருக்கிற குரல் இருக்கே, அதைத்தான் கிண்டல் பண்றானுங்க. அந்தப் பொண்ணு பாடுனா, கதவுப் பக்கம் நிக்காதீங்கன்னு சொல்லுமாம். சிரிப்பு. பஸ்ஸுல பேசுறது வேலை இல்லையா? தகரத்துக்குப் பெயிண்ட் அடிச்சவனைத் தோள்ல தூக்குனானுங்க, பொட்டி கட்டுனவனைக் கடவுளாக்குனானுங்க, பஸ்ஸுல குரல் குடுத்த பொண்ணுன்னா எளப்பமா? இன்னொண்ணையும் சொல்லிடுறேன், பொம்பளைங்கிறதுதான் அடியில இருக்கு. நேரா சொல்ல வெக்கம். அதனால மரபு, தூய்மை, அது இதுன்னு வாய் வலிக்கப் பேசுறானுங்க.

கேட்டேன், கேட்டேன். குச்சி போன்ல போட்டுக் காட்டுனான். என்னத்தைச் சொல்றது. தொண்டை மாதிரி இல்ல. தொண்டை மாதிரி எதுக்கு இருக்கணும்? அவன் கோவமா கத்துவான், இன்னைக்கும் வந்தோம்னு. நீ பாடும்போது வந்து வந்து அலுத்துப் போனவ சொல்ற மாதிரி இருந்துச்சு. அதுதாம்மா நெசம். எனக்குத்தான் தெரியும், எழுதுனவனாச்சே. அந்தக் கரும்பலகையில கடைசியா எழுதும்போது எனக்குக் கோவம் எல்லாம் கெடையாது. கை வலி, அவ்வளவுதான்.

அழாதே. அட, இதுக்கு எதுக்கு? தண்ணி குடி. அந்தச் செம்புல இருக்கு பாரு.

நான் சொன்னா கேப்பாங்களான்னா... இதுக்குத்தாம்மா இவ்வளவு நேரம் சுத்தி வளைக்கிறேன். போன ஞாயித்துக்கெழமை மன்றத்துக் கூட்டம். நாளைக்கு என்ன பண்றதுன்னு பேசத்தான். நான் எந்திரிச்சேன். முதலாளிக்குன்னு கண்டுபிடிச்சதை வேலைக்கு வர்ற பொண்ணு மேல காட்டாதீங்கடா, இது நம்மளுது இல்லன்னு ஆரம்பிச்சேன். ரெண்டு வாக்கியம் போயிருக்கும். முன்னாடி இருந்தவன் நாற்காலியைத் திருப்புனான். அப்புறம் பக்கத்துல இருந்தவன். அப்புறம் வரிசையா. தரையில நாற்காலி உரசுற சத்தம்தான், வேற பேச்சு இல்ல. கட்டுப்பாடுன்னா கட்டுப்பாடு, குறை சொல்ல முடியாது. நான் நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்.

இப்ப தலைவர் வேற ஒரு பையன். நல்ல பையன்தான், கண்ணாடி போட்டிருப்பான். போன்ல ஒரு குழு வெச்சிருந்தாங்களே, அதுல இருந்தும் எடுத்துட்டாங்க என்னை. அதனால நீ படியேறி வந்தது வீண். வந்ததுமே சொல்லியிருக்கணும். எனக்கு ஆளு வந்து நாளாச்சு, அதான் பேச்சு நீண்டு போச்சு.

இல்லம்மா, நிறுத்தல. பேசி முடிச்சேன். முழுசா. முதுகைப் பாத்துட்டே பேசறது கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். கையை எங்க வெக்கிறதுன்னு தெரியாது. ஆனா ஒண்ணு பாத்தேன். பின்னாடி இருந்து பாத்தா எல்லாருக்கும் காது நல்லாத் தெரியுது. ரெண்டாவது வரிசையில ஒருத்தனுக்குக் காது அப்படியே செவந்து போச்சு. சரி, இவனுக்குப் போய்ச் சேந்துடுச்சுன்னு அவனைப் பாத்தே மிச்சத்தைப் பேசுனேன். நீயும் ஒருத்தனைப் புடிச்சுக்கோ.

கெளம்பு, இருட்டப் போகுது, படியில பல்பு இல்ல. நாளைக்கா? வர்றேன், டிக்கெட்டு வாங்கிட்டேன். ஆனா முட்டி போச்சு எனக்கு, ரொம்ப நேரம் நிக்க முடியாது. முடியாதவங்களுக்குன்னு ஓரத்துல நாற்காலி போடுறாங்களாமே, அங்க உக்காந்திருப்பேன். அத்தனை பேர் நிக்கும்போது மேடையில இருந்து உனக்குத் தெரியாது. இருந்தாலும் உன் பக்கம் பாத்துதான் உக்காந்திருப்பேன்.