பங்களாத் தீமிதி

தாயம்மா: கால நீட்டுயா.

தசரதன்: வேணாம்மே. தொரசானி தன் கையால கட்டுன துணி.

தாயம்மா: சாம்பலக் கூட தொடைக்காம கட்டிக்கீறா. நீட்டு.

தசரதன்: அவ அழுதுட்டா தாயி. பெங்களூருலேர்ந்து கிறிஸ்மஸுக்கு வந்த தொரைங்கெல்லாம் எழுந்து நின்னு கை தட்டுனாங்க.

தாயம்மா: குரங்காட்டிக்கும்தான் தட்டுறாங்க. காப்பு கட்டல, விரதம் இல்ல. நேத்து சொரங்க ஷாப்டுலேர்ந்து ஏறி வந்து கருவாடு தின்ன. இன்னிக்கு பங்களா தோட்டத்துல தீமிதி...

தசரதன்: மிதிக்கலேன்னா வர்ற ஆடித் திருவிழாவுக்கு லீவு கெடையாதுன்னாரு தொர. ஊரிகம் லைன்ல குடியிருக்கற கூலிங்க மொத்தத்துக்கும். நான் இன்னா பண்ணட்டும்?

தாயம்மா: வேடிக்கை வேணும்னா அவனே மிதிக்கறது.

தசரதன்: பூட்ஸோட மிதிக்கட்டுமான்னு கேட்டாரு. எல்லாம் சிரிச்சாங்க.

தாயம்மா: நீ?

தசரதன்: மெதுவா இழுமே, முடிச்சு இறுகிக் கெடக்குது.

தாயம்மா: உன்னத்தான்யா. சிரிச்சியா இல்லியா?

தசரதன்: சிரிச்சேன். லீவு உண்டுன்னு அவரு வாயத் தொறக்கற வரைக்கும் சிரிச்சிக்கினேதான் இருந்தேன்.

தாயம்மா: தொறந்தானா?

தசரதன்: எல்லார் எதிர்லயும் சொன்னாரு. ஆடியில திருவிழா நடக்கற நாளெல்லாம் யாரும் உள்ள எறங்க வேணாமாம்.

தாயம்மா: நம்ம திருவிழாவ நமக்கே தானம் பண்றான். பெரிய மனசு... இரு, துணி அவுந்துடுச்சு. ஒரு கொப்புளம் கூட காணமேயா.

தசரதன்: அதத்தான் சொல்ல வந்தேன். விரதம் இல்லாமயே கூப்ட்டேன், அம்மன் வந்துட்டா. தொர தோட்டத்துக்கே வந்து என் காலுக்குக் கீழ பூவ விரிச்சிட்டா.

தாயம்மா: வெள்ளைக்காரன் பிராந்தி குடிச்சிக்கினு பாக்கற எடத்துக்கு அவ எதுக்கு வரா?

தசரதன்: அப்ப எப்படி சுடல?

தாயம்மா: அவ வரல. நான் வந்தேன்.

தசரதன்: நீயா...

தாயம்மா: பத்துப் பாத்திரம் தேய்க்கப் போனவ, அவங்கெல்லாம் சர்ச்சுக்குக் கெளம்பனதும் குடம் குடமா தண்ணிய தீக்குழியில ஊத்துனேன். மேல சாம்பலத் தூவி, ஓரத்துல மட்டும் கங்கு வெச்சேன். நீ வெந்து கெடந்தா, நம்ம அம்மனயில்ல சக்தியில்லாதவன்னு சிரிப்பானுங்க.

தசரதன்: தெரியும்மே. மொத அடியிலயே சேறு கணக்கா சில்லுனு ஒட்டுச்சு. அதான் தொரைங்களுக்குச் சந்தேகம் வரக்கூடாதுன்னு அவ்ளோ சத்தமா அலறிக்கினு ஓடுனேன்.