கோவளத்தில் இறங்க வேண்டியவர்

மாமல்லபுரம் பேருந்தில் என் முன்சீட்டு மீன்காரம்மா, பக்கத்தில் இருந்தவரிடம் சட்டென்று கேட்டாள்: “எம் புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்தப்போ குடிச்சிருந்தீங்களா ஃபாதர்?”

“ஃபாதர்னு கூப்பிடாதம்மா. அங்கியக் கழட்டி அனுப்பிட்டாங்க. ஆமா, குடிச்சிருந்தேன்.”

“அப்ப அது செல்லாதா?”

“செல்லும். கைதான் என்னுது, ஆசீர்வாதம் ஆண்டவரோடது.”

“உங்ககிட்ட நான் பண்ண பாவசங்கீர்த்தனம்?”

“அதுவும் செல்லும்.” சட்டைக் கழுத்துப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

“எம் பாவம் பூட்ச்சி. உங்குளுது?”

“மூணு தடவ கோவளம் மாதா கோயில் வாசல் வரைக்கும் போனேன். மூணு தடவையும் ஒயின்ஷாப்புக்குத் திரும்பிட்டேன்.”

“இன்னிக்கி புது ஃபாதர் பாவசங்கீர்த்தனம் கேக்க உக்காந்துகினு இருப்பாரு. வரிசைல எனக்குப் பின்னாடி நில்லுங்க.”

கோவளத்தில் அவள் இறங்கினாள். அவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். நடத்துநர் விசிலை வாயில் வைத்தார்.

“ஊதாத நைனா!” கீழேயிருந்து கத்தினாள். “இன்னும் ஒரு ஆளு எறங்கணும்.”