அத்தைக்குப் பயமே இல்ல

இல்லண்ணே, நான் கண்ணால பாக்கல. அத முதல்லயே சொல்லிர்றேன். எல்லாம் எங்க வேலம்மா அத்தை சொன்னதுதான். அவங்க சொன்னா கொஞ்சம் காரம் கூடத்தான் இருக்கும், நீங்களே கழிச்சிக்குங்க.

லோயரா? நானா? ஐயோ, டையப் பாத்துக் கேக்கறீங்களா? கோர்ட்டுன்னா கட்டணுமோன்னு கட்டுனேன். புஞ்சாக் ஆலாம்ல அக்கவுண்ட்ஸ் வேல எனக்கு. குடும்பத்துல யூனிவர்சிட்டி போன மொத ஆளு, அதனால யாருக்கு எந்த லெட்டர் வந்தாலும் எங்கிட்டதான் நீட்டுவாங்க. ஆமா, கோல சிலாங்கூர் கோர்ட்டுக்குத்தான். மெதுவாவே போங்கண்ணே, அவசரம் இல்ல.

அத்தை எஸ்டேட்ல ஆளுங்கள வேல வாங்கற மண்டோரா இருந்தவங்க. பொம்பள மண்டோர்லா, சும்மாவா! இன்னிக்கும் அவங்களப் பாத்தா பெரிய ஆம்பளைங்க சிகரெட்ட முதுகுக்குப் பின்னால கொண்டு போவாங்க. இப்ப வீட்டுல முறுக்கு சுட்டு விக்கறாங்க. அன்னிக்கு அடுப்புல எண்ண காயுது. முன்வாசல்ல ஒருத்தன், ஹெல்மெட் மாட்டிக்கிட்டு, கையில பாராங் கத்தி. வீட்டுல எவன் இருந்தாலும் வெளிய வந்தா வெட்டிருவேன்னு ஒரு கத்து.

அத்தை சமையக்கட்டுலேருந்து வந்து மொதல்ல என்ன சொன்னாங்க தெரியுமா? செருப்பக் கழட்டுடா. அப்பறம் அந்தப் பாராங்க உத்துப் பாத்து, யாருடா இதத் தீட்டுனது, இதுல வாழத்தண்டு கூட அறுபடாதேன்னு கேட்டிருக்காங்க.

சிரிக்காதீங்கண்ணே, ரோட்டப் பாருங்க.

அத்தை கழுத்துச் சங்கிலியக் கேக்க வந்தவன் பாவம், பேச்ச வாங்கிக்கிட்டு அப்படியே பின்பக்கமா நடந்து போயி, வாசல்ல நின்ன அத்தையோட மோட்டார் சைக்கிள எடுத்துட்டு ஓடிட்டான். சாவியா? அது மோட்டார்லயேதான் தொங்கும். எஸ்டேட் லயத்து வீட்டுல இருந்த காலத்துப் பழக்கம், எவன் எடுக்கப் போறான்னு. ஆனா அந்த மோட்டார் அத்தைக்கு மட்டும்தான் அடங்கும். அடுத்த ரோட்டுலயே நின்னு போச்சி. தள்ளிக்கிட்டுப் போறப்பவே புடிச்சிட்டாங்க.

அங்கதாண்ணே சிக்கல். திருட்ட நிரூபிக்கறது லேசு, மோட்டார் அவன் கையில இருந்துச்சி. ஆனா போட்டிருக்கற கேஸ் கொள்ளை. சும்மா எடுத்தா திருட்டு, வெட்டிருவேன் குத்திருவேன்னு பயமுறுத்தி எடுத்தா கொள்ளை. அப்ப யாராவது பயந்திருக்கணும்ல?

அத்தையைக் கூண்டுல ஏத்துனாங்க. இதையும் நான் பாக்கல, என்னைய உள்ள விடல. ஏன்னா... இருங்க, அதுக்கு வரேன். அத்தை மக தனேஸ்வரி உள்ள ஒக்காந்து கேட்டா, அவ சொன்னது. டிபிபி ஒரு மலாய்க்காரப் பொண்ணு, அவங்கதான் அரசாங்கத்துத் தரப்பு லோயர். பாராங்கப் பாத்ததும் எப்படி இருந்துச்சி ஆன்ட்டின்னு கேட்டிருக்காங்க. துருப் புடிச்சி இருந்துச்சின்னாங்களாம் அத்தை. இல்ல ஆன்ட்டி, உங்களுக்கு எப்படி இருந்துச்சி? எண்ண கருகுதேன்னு கடுப்பா இருந்துச்சி. பயம்? யாருக்கு, எனக்கா? நான் ராஜநாகத்தையே மட்டையால அடிச்சவ, இவன் கைதாங்கய்யா நடுங்குச்சின்னு ஜட்ஜப் பாத்துச் சொல்லியிருக்காங்க. மொழிபெயர்க்கறவர் சிரிப்ப அடக்கி இருமு இருமுன்னு இருமுனாராம். அவனோட லோயர் குறுக்கு விசாரணைக்கு எந்திரிக்கவே இல்ல. எதுக்கு எந்திரிக்கணும்? அவருக்கு வேணுங்கறத அத்தையே குடுத்துட்டாங்களே.

அவங்க வெளிய வந்ததும் நான் கேட்டேன், ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்கன்னு. சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்லச் சொல்றியாடா, படிச்ச நாயேன்னுட்டாங்க. இப்ப முறுக்கு வாங்க வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும், எங்க குடும்பத்துக்கு ரத்தத்துலயே பயம் கெடையாதுங்கறாங்க.

புக்கிட் ரோத்தான் தாண்டிட்டமா? அதுக்குள்ளயா?

சரி, சொல்லிர்றேன். நான் கண்ணால பாக்கலன்னது பொய் இல்லண்ணே. எப்படிப் பாக்க முடியும், நான் பாத்ரூம்ல இருந்தேன். லீவுக்கு அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். தலையெல்லாம் ஷாம்பூ. வெட்டிருவேன்னு கத்துனான் பாருங்க, அது நல்லாவே கேட்டுச்சி. வாளியக் கவுத்துத் தலையில மாட்டிக்கிட்டு மூலையில ஒக்காந்துட்டேன். எல்லாம் முடிஞ்சி அத்தை வந்து கதவத் தொறந்து, எவ்வளவு நேரம்டா குளிப்பன்னாங்க. எனக்கு ஒன்னும் கேக்கலன்னு இன்னிக்கு வரைக்கும் நம்பிக்கிட்டு இருக்காங்க. வீட்டுல இருந்தவன்னு போலீஸ் சாட்சி லிஸ்ட்ல என் பேரையும் சேத்திருந்தாங்க, அதான் அத்தை சாட்சி சொன்னப்ப என்னைய உள்ள விடல.

சட்டத்த எடுத்துப் படிச்சேன். பொருளுக்குச் சொந்தக்காரங்கதான் பயப்படணும்னு இல்லயாம், யார் பயந்தாலும் சேரும். படிச்சப்பறம் சும்மா இருக்க முடியல. டிபிபிகிட்டப் போயிச் சொன்னேன். அப்ப நீங்க வந்து சொல்லுங்கன்னுட்டாங்க. இன்னிக்கு நான்தான் சாட்சி. வாளி வரைக்கும் சொல்லணும். அத்தை பின் பெஞ்சில சொந்தக்காரங்களோட ஒக்காந்திருப்பாங்க.

சொல்லத்தாண்ணே போறேன். எனக்குப் பொய் வராது.

இங்கேயே நிறுத்துங்க. அதோ பாருங்க, மஞ்சப் பொடவை, முறுக்கு டின்னோட நிக்கறாங்களே, அவங்கதான்.

இன்னும் ஒன்னுண்ணே. அவன் கத்துனதும் கதவுல தாப்பா விழுந்த சத்தம் கேட்டுச்சி, நான்தான் உள்தாப்பா போட்டுக்கிட்டேன்னு இவ்வளவு நாளா நெனச்சிக்கிட்டு இருந்தேன். சாட்சி சொல்லப் போறோமே, எதுக்கும் பாத்துருவோம்னு நேத்து அந்தப் பாத்ரூம் கதவப் போயிப் பாத்தேன். உள்ள தாப்பாளே இல்ல, ரெண்டு ஆணி ஓட்டதான் இருக்கு. தாப்பா வெளிப்பக்கம். அன்னிக்கு வீட்டுல எங்க ரெண்டு பேரத் தவிர யாரும் இல்ல.