மரத்துக்குப் பின்னால் போன பந்து

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஜன்னலோரம் இருந்தவர், "ஒரு பந்தால என் மில்லு வேலை போச்சு மச்சான்" என்றார். நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"என்ன பந்து?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"கோல்ஃப் பந்து. கொடைக்கானல்ல மொதலாளி ஆடப் போனாரு. நான் சூப்பர்வைசர், அவருக்கு மட்டைப் பை தூக்கப் போனேன். ஆடுற எடம் பாக்கத்தான் பார்க்கு மாதிரி இருக்கு. ரெண்டு பக்கமும் மரம், நடுவுல குளம், அம்புட்டும் மேடு பள்ளம். கூட ஆடுன கோயம்புத்தூர் மில்காரர்கிட்ட மொதலாளி தோத்துக்கிட்டே வாராரு. கடைசியில பந்து ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால போயிருச்சு. அங்கேருந்து அடிக்கவே ஏலாது. மட்டையால அடிக்கணுமே தவிர, கைகால் படக்கூடாது. சுத்திமுத்திப் பாத்துட்டு, ஷூக்காலால வெளிய தள்ளிவிட்டாரு. ஜெயிச்சிட்டாரு."

"நீ போயி அந்தாளுகிட்ட சொல்லிட்டியாக்கும்?"

"நான் ஏன் சொல்லப் போறேன்? எனக்குப் புள்ளகுட்டி இல்லையா? திங்கக்கிழமை போனா கேட்லயே நிறுத்திட்டாங்க. நம்பிக்கையான ஆளு வேணுமாம் அவருக்கு."

"கண்டும் காணாத மாதிரி மொகத்தத் திருப்பியிருக்கலாம்லா?"

"திருப்பத்தான் செஞ்சேன் மச்சான். நான் திருப்புனத அவரு பாத்துட்டாரு."