கிணற்றின் மேல் சாய்ந்த காட்டுச் செம்பருத்தி

செம்பருத்திக்கு உப்புக் காற்று ஆகாது, இன்ஸ்பெக்டர் ஐயா. தூத்துக்குடியில் அதை வளர்ப்பதும் திரேஸ்புரத்து மீன்பிடி வள்ளத்தில் நெல் விதைப்பதும் ஒன்று. நான் வளர்த்தேன். துறைமுக ஆபீஸ் பென்ஷன்காரனுக்கு வேறு என்ன வேலை? சீமை ராஜாவே நேரில் வந்து கேட்டாலும் ஒரு இலை தரமாட்டேன் என்று ஊரெல்லாம் அளந்துவைத்திருந்தேன்.

அது காட்டுச் செம்பருத்தி. அது நின்ற மலைச் சரிவை, யுத்தத்துக்கு மரம் வேண்டுமென்று போன வருஷம் மொட்டையடித்துவிட்டார்கள். அதற்கு முன் நான் பெயர்த்து வந்து வீட்டுக் கிணற்றோரம் நட்ட ஒரே செடிதான் மிச்சம். பூவின் அடியிலுள்ள சிறு செதில்கள் மற்றச் செம்பருத்திகளில் நிமிர்ந்திருக்கும். இதில் கொக்கிபோல் மடங்கியிருக்கும். புது இனம்தான் போலிருக்கிறது, ஆனால் காயையும் விதையையும் பார்க்காமல் பெயர் வைக்க முடியாது என்று சென்னை நிபுணர் சொல்லிவிட்டார்.

காய் எப்படிப் பிடிக்கும்? பூத்ததையெல்லாம் என் மனைவி சண்முகத்தாய் விடிந்ததும் பறித்து அம்மன் படத்துக்கு வைத்துவிடுவாள். சிவந்த பூவைச் செடியிலேயே வாட விட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம்.

இன்று காலை ஒரு பூதான். இலையெல்லாம் கருகிவிட்டது, வேறு மொட்டு இல்லை.

"ஏளா, இத மட்டும் தொடாத. இதுதான் கடைசி."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா அம்மன வெறும் படமா வைக்கச் சொல்லுதீகளாக்கும். பேசாம அந்தச் செடியக் கெட்டியிருக்கலாம். எனக்கு ஆக்கிப்போடுத வேலை மிச்சம்."

சிரித்துவிட்டேன். அவள் வாய்க்கு முன்னால் கப்பல் சங்கே எடுபடாது.

மகரந்தம் தொட்டுவைக்கக் கோழியிறகு எடுக்க உள்ளே போனேன். அதற்குள் கிணற்றுச் சுவரில் ஏறி, உள்பக்கமாகச் சாய்ந்திருந்த கிளைக்குக் கை நீட்டியிருக்கிறாள். விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். முதலில் பூவைத்தான் பார்த்தேன். இருந்தது.

அவள் தண்ணீரில் வாளிக்கயிற்றைப் பற்றிக்கொண்டு, "இங்கன வாங்க, இழுங்க" என்றாள். இழுத்திருப்பேன், ஐயா. ஆனால் கயிறு அந்தக் கிளையில் உரசிக்கொண்டிருந்தது. அவள் அசையும்போதெல்லாம் கிளை குலுங்கி மகரந்தம் உதிர்ந்தது. இழுத்தால் பூவே போய்விடும்.

கிணற்றுத் தூணில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டேன். கிளை நின்றது. இறகால் மகரந்தத்தைத் தொட்டுச் சூல்முடியில் வைத்தேன். கீழிருந்து "ஏங்க" என்றாள், கோபமாகக்கூட இல்லை. பிறகு அவள் கூப்பிடவில்லை.

நான்தான் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். காய் பிடித்தால் இனத்துக்கு அவள் பெயரைத்தான் வைக்கச் சொல்வேன். கட்டியவளுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாதில்லையா?