புத்தகத்துக்குக் காத்திருப்பவர்

— அக்கா, பையை அப்படி இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா நான் எப்படிப் புத்தகத்தை வாங்குறது? மேசை மேல வைங்க.

— வைக்கத்தான் வந்தேன். கை வர மாட்டேங்குது.

— புரியுதுக்கா. உங்க வீட்டுக்காரர் போன ஈரமே இன்னும் காயல. ஆனா இந்த லைப்ரரிக்குப் பதில் சொல்றவ நான். பெரிய லைப்ரரியிலருந்து மறுபடியும் போன் வந்துடுச்சு.

— இன்னொண்ணு வாங்கிக்கச் சொல்லேன். அவ்வளவு பெரிய ஊரு, அவ்வளவு பெரிய லைப்ரரி. இந்த ஒரு புத்தகம் இல்லாமலா குடி முழுகிப்போகும்?

— கடையில கிடைச்சா நானே வாங்கிக் கொடுத்துடுவேன். இந்தத் தசை இளைக்கிற நோயைப் பத்தி, வீட்டுல இருக்கிறவங்களுக்குப் புரியுற மாதிரி தமிழ்ல வந்தது இது ஒண்ணுதான். இப்ப அச்சுல இல்ல. இருக்கிற ஒரே பிரதி அவங்களோடது. நான் கேட்டதும், யாருக்கு என்னன்னு ஒரு வார்த்தை விசாரிக்காம அனுப்பி வெச்சாங்க.

— அதை மறுக்கல. டாக்டர் வாசல்ல நின்னே பேசிட்டுப் போயிட்டாரு. படுத்தவரை எப்படிப் புரட்டுறது, புரையேறாம எப்படி ஊட்டுறதுன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதாம்மா. நன்றி கெட்டவ இல்ல நான்.

— அப்புறம் என்னக்கா?

— இந்தப் பக்கத்தைப் பாரு.

— அய்யய்யோ, ஓரமெல்லாம் பென்சில்ல எழுதியிருக்கே!

— திட்டாத. அவர் எழுதினது. இந்த ஊர்க் கடை போர்டெல்லாம் அவர் கையெழுத்து.

— நம்ம லைப்ரரி போர்டுகூட அவர்தானேக்கா. ‘அமைதி காக்கவும்’னு அழகா எழுதி மாட்டிட்டு, உள்ள வந்தா அவர் வாய்தான் ஓயாது.

— அந்த வாய்தான் முதல்ல நின்னுபோச்சு. குரல் போனப்புறம் அவர் பேசினதெல்லாம் இங்கதான். பாரு, கோழி கிளறின மாதிரி: ‘இந்தப் பயிற்சி வலிக்குது, ஆனா நல்லாயிருக்கு.’ இங்க: ‘இன்னைக்குச் சட்டை பட்டனை நானே போட்டேன்.’ இதைக் கொடுத்துட்டு நான் எதைப் பார்த்துக்கிட்டு உட்காருறது, சொல்லு.

— அந்தப் பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துத் தரட்டுமா?

— எடுத்துப் பார்த்துட்டேன். அச்சு பளிச்சுனு விழுது. பென்சில் விழல. அவர் மட்டும் காணாமப் போயிடுறாரு.

— அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இங்க என்ன இருக்கு? நாலு அலமாரி, மழை வந்தா ஒழுகுற கூரை. நர்ஸ் படிக்கிற பொண்ணுங்க கேக்குறது, மாட்டு டாக்டர் கேக்குறது, எல்லாமே வெளியூர் லைப்ரரிங்க இரவல் கொடுத்துதான் ஓடுது. நமக்கு ஒரு புத்தகம் வேணும்னா அங்கருந்து, அவங்களுக்கு வேணும்னா இங்கருந்துன்னு ஒரு ஏற்பாடு. நம்மளையும் அதுல சேர்த்துக்கச் சொல்லி நாயா அலைஞ்சேன். இதைத் திருப்பலைன்னா அடுத்த தடவை ஏதாவது வீட்டுல ஒருத்தர் படுத்தா, நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டுக் கேப்பேன்?

— நீ சொல்றது நியாயம்தான். நியாயம் தெரியாமலா இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தேன்?

— உங்க பொண்ணு என்ன சொல்றா?

— அவ பேச்சை எடுக்காத.

— ஏன்க்கா?

— அப்பன் செத்ததுக்கு வந்தா. வந்து ஒரு நாற்காலியில உட்கார்ந்தவதான். வந்தவங்களுக்கு ஒரு வாய் தண்ணி கொடுக்கல. அப்பனைத் தூக்கிட்டுப் போறப்போகூட எந்திரிக்கல. எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு எரிஞ்சுது. ‘பெரிய ஊர்ல ஆபீஸ் வேலை பார்க்குற திமிராடி’ன்னு அத்தனை பேர் முன்னாடியும் கேட்டுட்டேன்.

— அவ என்ன சொன்னா?

— ‘நான் கிளம்புறேம்மா’ன்னா. போனவ போனவதான். நான் போன் பண்ணா வேலை இருக்கும்மாங்கிறா.

— அப்பா மேல உயிரையே வெச்சிருந்த பொண்ணாச்சே.

— அதான் எனக்கும் விளங்கல.

— சரி, கண்ணைத் துடைங்க. அந்த லைப்ரரி சாருக்கே போன் போடுறேன். கொஞ்சம் அவகாசம் கேட்டுப் பார்ப்போம். ஸ்பீக்கர்ல போடுறேன், நீங்களும் கேளுங்க. பேச வேண்டாம்... ஹலோ, சார், வணக்கம். அந்தத் தசை நோய்ப் புத்தகம் விஷயமா...

— அட, இப்பத்தான் உங்களைக் கூப்பிட போனை எடுத்தேன் மேடம். அனுப்பிட்டீங்களா?

— இல்ல சார். இங்க வாங்கினவங்க வீட்டுல ஒரு சாவு. இன்னும் கொஞ்ச நாள் அவங்ககிட்ட இருந்தா...

— பாருங்க மேடம், எனக்கும் மனசு இருக்கு. வேற யாராவது கேட்டிருந்தா எதையாவது சொல்லிச் சமாளிச்சிருப்பேன். இங்க ஒரு பொண்ணு காத்துக்கிட்டிருக்கா. சின்ன வயசு. அவளுக்கே அந்த நோய்.

— ஐயோ பாவமே.

— சனிக்கிழமையானா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே வந்துடுறா. உட்கார்ந்தா, யாராவது கை கொடுக்காம எந்திரிக்க முடியல. துணைக்கு ஆள் இல்லையாம்மான்னு கேட்டேன். வீட்டுக்குத் தெரியாதாம். அப்பாவுக்கு இருந்ததே தனக்கும் வந்திருக்குங்கிறா. அவர் போய்ச் சேர்ந்துட்டாராம். ‘இவ்வளவு நாள் அவரைத் தூக்கித் தூக்கி அம்மாவுக்கு இடுப்பே விட்டுப்போச்சு, இப்ப நானும் போய் அவங்க முன்னாடி நிக்கணுமா சார்?’னு கேக்குறா.

— சார்... சார், ஒரு நிமிஷம்...

— இருங்க மேடம், முடிச்சுடுறேன். புத்தகம் எங்க போயிருக்குன்னு கேட்டா. உங்க லைப்ரரின்னு சொன்னேன். பாருங்க, அப்படியே முகம் செத்துப்போச்சு. ‘அவங்ககிட்ட என் பேரைச் சொல்லிடாதீங்க சார், அங்க எங்க அம்மா வருவாங்க’ன்னா. அதான் இதுவரைக்கும் நான் பேரைச் சொல்லல. ஹலோ? மேடம்? லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன் சார்... அக்கா. அக்கா, இருங்க, பையை எடுத்துக்கிட்டு எங்க கிளம்பிட்டீங்க?

— என்னை விடு. பார்சல் கட்ட வேண்டாம், நானே கொண்டுவர்றேன்னு அந்த ஐயாகிட்டச் சொல்லும்மா. அவகிட்ட மட்டும் முன்னாடியே சொல்லிட வேண்டாம்னு கெஞ்சிக் கேட்டுக்கோ. வர்றது நான்னு தெரிஞ்சா அவ வர மாட்டா.