ஓம வாசனை ஜின்

சின்னாளபட்டி டவுன் பஸ் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டை விட்டுக் கிளம்புவதாக இல்லை. என் முன் இருக்கையில், மடியில் சேலைக் கட்டோடு இருந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

"உங்க அப்பாவுக்கு வயித்து வலி நின்னுருச்சு மச்சான். அதான் இப்பப் பிரச்சினை."

"என்ன மாப்ள சொல்றீங்க?"

"சிங்கப்பூர்ல இருந்து எனக்கு ஒரு ஜின் பாட்டில் கொண்டாந்தீங்கள்ல? தொறந்தா ஓமமும் மிளகுமா வாடை. சோடா ஊத்திப் பாத்தேன், கலர் ஊத்திப் பாத்தேன், வாயில வைக்க முடியல. அடுப்பங்கரையில ஒளிச்சு வச்சேன். உங்க தங்கச்சி மோந்து பாத்துட்டு ஓம வாட்டர்னு நெனச்சுருச்சு."

"அப்பாவுக்கா குடுத்துச்சு? மதுவிலக்கு சங்கத் தலைவர்யா அவரு!"

"குளுந்த தண்ணி, உப்பு, எலுமிச்சம்பழம், ரெண்டு கறிவேப்பில போட்டுக் குடுத்துருக்கு. தெரிஞ்சப்புறம் நானும் அதே மாதிரி கலந்து பாத்தேன். அம்புட்டு ருசி மச்சான். அதுக்கு அதான் பக்குவம் போல."

"சரக்குன்னு அவருக்குத் தெரியலையா?"

"ஒரு நாளாச்சும் குடிச்சிருந்தாத்தான தெரியும்?"

மச்சான் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சொல்லிருவோமா மாப்ள?"

"சொன்னா மனுசன் வெளிய தலைகாட்ட மாட்டாரு."

"அப்ப விட்ருவோம். காலியானாத் தன்னால மறந்துருவாரு."

"எப்படி விட? நேத்து சாயங்காலம் வயித்து வலின்னு நாலு பேரக் கூட்டிட்டு வந்து ஆளுக்கு ஒரு டம்ளர் குடுத்துருக்காரு."

"யாரு அந்த நாலு பேரு?"

"சங்கத்து ஆளுகதான்."